மழைக்காலத்துக்கு ஸ்வீட் கார்ன் சேமிப்பது: ஃப்ரீசரில் பாதி, வத்தலாகப் பாதி

திருநெல்வேலிப் பக்கம் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மார்கழி விடியலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வதோடு சரி. நாம் பண்டம் பாத்திரம் சேர்த்து வைப்பதெல்லாம் மழைக்குத்தான். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று ஆரம்பித்தால் தை பிறக்கும்வரை காய்கறி விலை நம் கையில் இல்லை. சீனியவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர்மிளகாய், அடமாங்காய் எல்லாம் அதற்காகத்தான் கோடையிலேயே பானைக்குள் போய்விடுகின்றன. அந்த வரிசையில் ஸ்வீட் கார்னையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சுண்டைக்காயைப் போல உப்பில் போட்டு வெயிலில் காட்டினால் இது சரிவராது. இதற்கென்று இரண்டு மூன்று முறைகள் இருக்கின்றன. அவற்றில் எதை விட்டாலும் ருசி போய்விடும், பாட்டிலில் கொதிக்க வைத்து அடைக்கப் போனால் உயிருக்கே ஆபத்து.

இணையத்தில் இதைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் ‘ஃப்ரீசரில் போடு’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். கரண்ட் போகாத ஊருக்கு அது சரி. நம் பக்கம் எந்த மாதத்துக்காகச் சேமிக்கிறோமோ அதே மாதத்தில்தான் கரண்டும் அதிகமாகப் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதனால் என் கணக்கு எப்போதும் பாதி ஃப்ரீசரில், பாதி வத்தலாக பாட்டிலில்.

எப்போது செய்வது

ஃப்ரீசரில் வைப்பதற்கு நாள் பார்க்க வேண்டாம், நல்ல கருது (கதிர்) கிடைக்கிற நாளே நல்ல நாள். வத்தலுக்குத்தான் காலம் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி முதல் தரம். அதை விட்டால் ஆவணி பிற்பாதியும் புரட்டாசியும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் அடிக்கும் புரட்டாசி வெயில் சித்திரைக்குச் சளைத்ததல்ல.

ஆனி, ஆடி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். குற்றாலம், செங்கோட்டை, தென்காசிக்காரர்கள் சாரல் காலத்தில் வத்தல் போட நினைக்கவே வேண்டாம். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) விரித்த வேட்டி காயாது. திருநெல்வேலிக்குக் கிழக்கே வந்துவிட்டால் மழை இருக்காது, ஆனால் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணை வாரிக் கொட்டும். அந்த மாதங்களில் சாயந்திரம் பார்த்தால் வத்தலில் பாதி மணலாக இருக்கும். வெயிலும் வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும்.

கருது வாங்குவது

பாவூர்சத்திரம் காமராஜர் சந்தைக்குக் கிட்ட இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தோட்டத்திலிருந்து மூடை நேராக வரும். திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கடைகளில் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

“அண்ணாச்சி, இது எப்ப ஒடிச்ச கருது?”

“இன்னைக்கு வெள்ளன ஒடிச்சதுதான் தங்கச்சி” என்று பதில் வந்தால் வாங்கலாம். “நேத்து வந்த லோடு” என்றால் அவித்துத் தின்ன நாலு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சேமிப்புக்கு ஆகாது.

காரணம் இதுதான். செடியிலிருந்து ஒடித்த நிமிடத்திலிருந்து மணிக்குள் இருக்கும் சர்க்கரை மாவாக மாற ஆரம்பித்துவிடும். சாதாரண ஸ்வீட் கார்ன் ரகத்தில், 30 டிகிரி வெக்கையில் ஒரே நாள் கிடந்தால் சர்க்கரையில் பாதிக்குமேல் போய்விடும். ஐஸ் குளிரில் வைத்தால் அதே ஒரு நாளில் நூற்றுக்கு ஆறு பங்குதான் குறையும். இப்போது வரும் அதி இனிப்பு ஒட்டு ரகங்களில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. இருந்தாலும் நம் வெயிலுக்கு அதை நம்பி இரண்டு நாள் வராந்தாவில் போட்டு வைக்க முடியாது. ஒடித்த கருதுக்கும் கொதிக்கிற தண்ணீருக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போகிறது என்பதுதான் மழைக்காலத்தில் நீங்கள் சாப்பிடப்போகும் ருசி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாங்கும்போது தோலை முழுக்க உரித்துப் பார்க்காதீர்கள், கடைக்காரருக்கும் கோபம் வரும், கருதும் காயும். மேல்தோல் பச்சையாக, ஈரப்பசையோடு இருக்க வேண்டும். நுனியில் இருக்கும் நார் காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். அது இன்னும் வெளிர் பச்சையாக இருந்தால் கருது முற்றவில்லை. தோலோடு அமுக்கினால் நுனிவரை மணி நிரம்பியிருப்பது விரலுக்குத் தெரியும். ஒரே ஒரு கருதில் மட்டும் தோலைக் கொஞ்சம் விலக்கி மணியை நகத்தால் குத்துங்கள். தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தால் பிஞ்சு. பால் மாதிரி வந்தால் சரியான பதம். ஒன்றும் வராமல் மாவு மாதிரி நகத்தில் ஒட்டினால் முற்றல், அது வடகத்துக்கு மட்டும்தான் ஆகும். நுனியில் அந்த நார் வெளியே வந்து 18 முதல் 24 நாளில் பால் பதம் வரும். சொந்தத் தோட்டத்தில் போட்டிருப்பவர்கள் அந்தக் கணக்கு வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குமுன் ஒடித்தால் போதும்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் மானாவாரியாக விளைகிற மக்காச்சோளம் வேறு. அது தீவனத்துக்கும் மாவுக்கும் போவது. இளங்கருதாக இருந்தால் சுட்டுத் தின்ன அருமை, ஆனால் இந்த முறையில் உறைய வைத்தால் சப்பென்று இருக்கும்.

எவ்வளவு வாங்குவது? நடுத்தரக் கருது ஒன்றில் ஏறக்குறைய 100 கிராம் மணி தேறும். 10 கருதுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் கார்னில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் அந்த ஒரு கிலோவை வத்தலாக்கினால் கால் கிலோ பக்கம்தான் மிஞ்சும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு முதல் தடவை 20 கருது தாராளம். ஆசைப்பட்டு மூடையாக வாங்கினால் நடுவழியில் கை ஓய்ந்துவிடும், கடைசிக் கருதுகள் வெந்நீருக்கு வருவதற்குள் சாயந்திரம் ஆகிவிடும்.

முந்தின நாள் ராத்திரி வேலை: ஐஸ்

இதை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வெந்நீரில் போட்டு எடுத்த கருதை உடனே குளிர வைக்க வேண்டும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் மத்தியானத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதில் போட்டால் கருது குளிராது, உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும்.

அதனால் முந்தின நாளே குடிக்கிற தண்ணீரை எவர்சில்வர் டிபன் டப்பாக்களில் முக்கால் அளவு ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். 20 கருதுக்கு 4 லிட்டர் ஐஸாவது வேண்டும். அத்தனை இடம் இல்லாதவர்கள் கடையில் ஐஸ் வாங்கலாம்; ஆனால் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்கட்டி வாயில் வைக்கிற தரம் அல்ல. அதைத்தான் வாங்க முடிந்தது என்றால் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பையோடு தண்ணீரில் போடுங்கள். ஐஸ் கரைந்த தண்ணீர் கருதில் படக்கூடாது.

வெந்நீர்

முதலில் அடுப்பில் தண்ணீர், அப்புறம்தான் கருதை உரிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற பெரிய பானையை எடுங்கள், கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அளவு இருந்தால் நல்லது. 4 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ, அதாவது உரித்த கருது இரண்டு. 10 லிட்டர் கொதித்தால் ஐந்து போடலாம். அதற்குமேல் அமுக்கினால் கொதி அடங்கிப்போகும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பக் கொதிக்காவிட்டால் நீங்கள் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போது தோலை உரித்து, நாரை எடுத்து, அடிக்காம்பை ஒடித்துவிடுங்கள். நார் வரிசைக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு வராது. ஈரத்துணியை வைத்து நுனியிலிருந்து அடிக்குத் துடைத்தால் வந்துவிடும். தோலையும் நாரையும் மாட்டுக்குப் போடலாம், ஆசையாகத் தின்னும்.

மணியாக உதிர்த்துச் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் முழுக் கருதையே 4 நிமிடம் கொதியில் போடுங்கள். தண்ணீர் திரும்பக் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து கணக்கு. கருதை அப்படியே முழுசாக உறைய வைப்பதென்றால் நடுத்தண்டுவரை சூடு போக வேண்டும் என்பதால் நேரம் கூடும்: மூன்றேகால் சென்டிமீட்டருக்குள் கனமிருக்கிற சின்னக் கருதுக்கு 7 நிமிடம், நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் 9, அதற்குமேல் பருத்ததற்கு 11. நம் சந்தைக்கு வருவதில் பெரும்பாலானது பருத்த ரகம்தான். உப்போ மஞ்சளோ சோடா உப்போ தண்ணீரில் வேண்டாம். இதில் சமைக்கவில்லை, சூடு மட்டும்தான் காட்டுகிறோம்.

இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். ஒற்றை அடுக்காக, ஒன்றரை மடங்கு நேரம். ஆனால் நாலு கருதுக்குமேல் கொப்பரையில் நிற்காது என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

இந்த வெந்நீர் வேலையைத் தாண்டிக் குதித்துப் பச்சையாகவே உறைய வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் மாதம் வித்தியாசம் தெரியாதுதான். மணிக்குள் இருக்கும் நொதிகள் ஃப்ரீசர் குளிரில் மெதுவாகுமே தவிர நிற்காது. சூடு ஒன்றுதான் அவற்றை நிறுத்தும். நிறுத்தாமல் விட்டால் கார்த்திகையில் பையைத் திறக்கும்போது மணி நிறம் மங்கி, காய்ந்த சக்கை வாடையோடு இருக்கும். வாங்கிய காசும் போச்சு, அரைநாள் வேலையும் போச்சு.

எடுத்ததும் முதலில் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி மேல்சூட்டைத் தணியுங்கள். ஐஸ் சீக்கிரம் கரையாமல் இருக்க இது உதவும். அப்புறம் ஐஸ் தண்ணீரில் அமுக்குங்கள். எத்தனை நிமிடம் கொதித்ததோ அத்தனை நிமிடமாவது கிடக்க வேண்டும். முழுக் கருதாக இருந்தால் இன்னும் கூட. வெளியே கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒரு கருதை நடுவில் ஒடித்துத் தண்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லையென்றால் எடுத்துத் துணியில் போடலாம்.

மணி உதிர்ப்பது

அருவாமனை வேண்டாம், கருது உருளும், கை போகும். அகலத் தட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கருதைச் செங்குத்தாக நிறுத்தி, கூர்மையான கத்தியால் மேலிருந்து கீழே சீவுங்கள். மணியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வந்தால் போதும். தண்டோடு ஒட்டச் சீவினால் சக்கையும் சேர்ந்து வரும், பல்லில் மாட்டும். நல்ல பதத்தில் இருக்கிற கருதில் மணிகள் உதிரியாக விழாது, நாலைந்து வரிசை ஒட்டிக்கொண்டு பட்டையாக விழும். விரலால் அழுத்தினால் பிரிந்துவிடும். கத்தியிலும் தட்டிலும் பால் வழிந்திருக்கும். அதை வழித்து அன்றைய சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பில் சேர்க்காதீர்கள். உறையும்போது மணிகளை ஒட்ட வைத்துவிடும்.

மிச்சத் தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டாக ஒடித்து அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் மெல்லிய இனிப்போடு ஒரு தண்ணீர் கிடைக்கும். பாசிப்பருப்பை அதில் வேகவைத்துச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைத்துப் பாருங்கள்.

பாதி: ஃப்ரீசருக்கு

மணியைத் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே கால்மணி நேரம் விடுங்கள். மேலீரம் போனால் போதும். பிறகு தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மணி மணியாக உறைந்துவிடும். அதற்கப்புறம் பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். தட்டு வைக்க இடமில்லாதவர்கள் நேரே பையில் போட்டு, பையைச் சப்பாத்தி கனத்துக்குத் தட்டையாக அழுத்தி வையுங்கள். வேண்டும்போது பலகையில் தட்டினால் உடையும்.

ஒரு பைக்குக் கால் கிலோ. காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றுங்கள். உள்ளே நிற்கும் காற்றுதான் பின்னால் வெள்ளைப் பூத்து மணியை வறள வைக்கிறது. மேலே மாதத்தை எழுதி வையுங்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் உள்ளே திணிக்காதீர்கள். 50 லிட்டர் ஃப்ரீசரில் ஒரு தடவைக்கு 2 கிலோவுக்குமேல் வேண்டாம். மெதுவாக உறைந்தால் மணிக்குள் பெரிய ஐஸ் கட்டிகள் உண்டாகி, பிறகு வேகும்போது தொளதொளவென்று ஆகிவிடும்.

மைனஸ் 18 டிகிரியில் நிற்கிற ஃப்ரீசர் என்றால் 8 மாதம் முதல் ஒரு வருடம்வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே இருக்கிற சின்ன அறை அத்தனை குளிருக்குப் போவதில்லை. அதில் வைத்தால் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதாவது சித்திரையில் செய்து கார்த்திகைக்கு வைக்க முடியாது, புரட்டாசியில்தான் செய்ய வேண்டும்.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. நிறைய சாமான் இருக்கிற நல்ல ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பிக்கொள்வது நல்ல உபாயம், குடிக்கவும் ஆகும். இன்னொன்று: ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் பயமில்லை. கிண்ணத்தின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. அந்தப் பைகளைக் கொட்டிவிட வேண்டியதுதான். இன்னும் ஐஸ் பொடி மணிமேல் தெரிகிறது, கைக்கு ஃபிரிட்ஜ் குளிர் இருக்கிறது என்றால் மறுபடி உறைய வைக்கலாம். பதம் கொஞ்சம் குறையும், வேறு கெடுதி இல்லை.

மறுபாதி: வத்தல்

வெந்நீரும் ஐஸும் கண்டு உதிர்த்த அதே மணிதான். காலை 9 மணிக்குள் உதிர்த்து முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் முதல் நாள் வெயில் முழுசாகக் கிடைக்க வேண்டும். இது முக்கியம். சுண்டைக்காய்க்கும் மிளகாய்க்கும் உப்பும் மோரும் காவல் இருக்கின்றன. இதில் இருப்பது இனிப்பும் மாவும் ஈரமும்; ஒரு ராத்திரி ஈரமாகவே கிடந்தால் புளித்துவிடும். முதல் நாள் சாயந்திரத்துக்குள் மணி சுருங்கி, கையில் ஒட்டாத அளவுக்காவது வந்துவிட வேண்டும்.

துவைத்துக் காய்ந்த பழைய வேட்டி, அதற்குக் கீழே ஓலைப்பாய். பாய் இல்லாமல் தட்டட்டித் தரையில் நேரே துணியை விரித்தால் அடியில் காற்று ஓடாது. மணியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு முழு வேட்டி தேவைப்படும், அவ்வளவு நெருக்கமில்லாமல். மேலே கொசுவலையை உயர்த்திக் கட்டிவிடுங்கள். காக்காயும் அணிலும் மோர்மிளகாயைத் தொடாது, இதை விடாது. ஈ வராமல் இருப்பதும் வலையால்தான்.

காலை 9 மணிக்கு விரித்து 4 மணிக்கு எடுத்துவிடுங்கள். நடுவில் இரண்டு தடவை கையால் துழாவி, ஒட்டியிருக்கும் பட்டைகளைப் பிரித்துவிட வேண்டும். சாயந்திரம் சுளவில் (முறத்தில்) அள்ளி வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், மூடி வைக்காதீர்கள். பனி இறங்கிய தட்டட்டியில் ராத்திரி விட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது திரும்ப வந்துவிடும். சித்திரை வெயில் என்றால் இரண்டு மூன்று நாள், புரட்டாசியில் நாலு நாள்வரை ஆகலாம். முதல் நாளே மேகம் போட்டுவிட்டால் வீம்பு பிடிக்காமல் மணியை அள்ளி ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார உலர்த்தியோ, குறைந்த சூட்டுக்கு இறங்குகிற ஓவனோ இருந்தால் 60 டிகிரியில் 6 முதல் 10 மணி நேரம். ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் வெளியேறாது.

எது பதம்? மணி கருமஞ்சளாகி, சுருங்கி, கண்ணாடித் துண்டு மாதிரி ஆகியிருக்கும். ஒன்றை அம்மியில் வைத்துத் தட்டுங்கள். தூளாக உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் இன்னும் ஒரு நாள்.

பாட்டிலில் அடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எல்லா மணியும் ஒரே மாதிரிக் காய்ந்திருக்காது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் ஒரு தடவை குலுக்கி வையுங்கள். காய்ந்த மணி ஈரமணியிடமிருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கிச் சமமாகிவிடும். உள்பக்கக் கண்ணாடியில் புகை படிந்தாற்போலத் தெரிந்தால் அன்றே கொட்டி இன்னொரு வெயில் காட்டுங்கள். பூஞ்சை பிடித்ததைக் கண்டால் மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், பாட்டிலோடு போகட்டும்.

வண்டுக்கு வேப்பிலை போடுவதும் காய்ந்த மிளகாய் போடுவதும் நம் வழக்கம். போடுங்கள், தப்பில்லை. ஆனால் உறுதியான வழி, அடைத்த பாட்டிலையோ பையையோ இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுப்பது; முட்டை இருந்தாலும் செத்துவிடும். வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், திறந்தால் ஈரம் உள்ளே படியும். ஒரு பெரிய ஜாடியைவிட நாலு சின்ன பாட்டில் மேல். மழைக்காலத்தில் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகும். சின்ன பாட்டில் என்றால் ஒன்று மட்டும்தான் கெடும்.

முற்றலுக்கு ஒரு வழி: வடகம்

வாங்கியதில் நாலைந்து முற்றலாகிவிட்டால் கூழ்வடகத்தில் சேர்த்துவிடலாம். மணியை மைய அரைத்து வடிகட்டித் தோலை நீக்குங்கள். பச்சரிசி மாவு இரண்டு பங்குக்கு இந்தப் பால் ஒரு பங்கு. வழக்கம்போலப் பச்சைமிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் கூழாகக் கிண்டி, துணியில் கரண்டியால் ஊற்றிக் காய வையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சோளத்தில் இனிப்பு இருப்பதால் எண்ணெயில் சட்டென்று சிவந்துவிடும். அடுப்பைக் குறைத்துப் பொரிக்க வேண்டும்.

பாட்டிலில் கொதிக்க வைத்து அடைப்பது பற்றி

மணியை உப்புத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து, பானையில் வைத்துக் கொதிக்கவிட்டு, மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிற வித்தையைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். சோளத்தில் புளிப்பு கிடையாது. புளிப்பில்லாத, காற்றில்லாத, ஈரமான இடம் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமிக்கு உகந்தது. அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு. 100 டிகிரி கொதிநீரில் எத்தனை நேரம் போட்டாலும் வீட்டு முறையில் அவை சாவது நிச்சயமில்லை. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும்; வாடையோ ருசியோ மாறாமலேயே பாட்டிலில் இருக்கக்கூடும்.

வெளிநாட்டில் இதை அழுத்தமானி பொருத்திய பெரிய கேனர் பாத்திரத்தில் செய்கிறார்கள்: ஏறக்குறைய 116 டிகிரியில், அரை லிட்டர் பாட்டிலுக்கு 55 நிமிடம். நம் சாம்பார் குக்கர் அந்த வேலைக்கு உண்டானது அல்ல. அழுத்தம் எவ்வளவு என்று காட்டாது, சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், அந்த நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது. மூன்று விசில், ஆறு விசில் என்று எண்ணி இதில் துணியக் கூடாது.

ஊறுகாய் ருசி வேண்டுமென்றால் வெந்த மணியைத் தண்ணீர் கலக்காத வினிகரில் உப்பு, கொஞ்சம் சீனி, கடுகு, வற்றல்மிளகாயோடு கொதிக்கவிட்டு பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தின்றுவிடுங்கள். நம் கடை வினிகர் பெரும்பாலும் 4% புளிப்புதான், வெளிநாட்டுக் குறிப்புகள் 5% கணக்கில் எழுதப்பட்டவை. அதனால் அலமாரியில் வைப்பதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

மழை வந்தபின்

உறைந்த மணியை உருகவிடாமல் நேரே கொதிக்கிற குழம்பிலோ தாளிப்பிலோ போடுங்கள். ஏற்கெனவே பாதி வெந்தது, நாலைந்து நிமிடம் போதும். முழுக் கருதை மட்டும் கொஞ்சம் உருகவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணி குழைந்தபின்னும் தண்டு ஐஸாக இருக்கும்.

வத்தலை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கொதிநீர் ஊற்றி மூடி வையுங்கள். அரைமணியில் ஊறத் தொடங்கும், இரண்டு மணி நேரம் கிடந்தால் நன்றாக உப்பும். அதற்குமேல் ஊற வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில். ஊறிய தண்ணீரோடேயே இருபது நிமிடம் வேகவைக்கலாம். புது மணியின் மொறுமொறுப்பு திரும்ப வராது. அதற்குப் பதில் வறுத்த வாசனையோடு ஆழ்ந்த இனிப்பு வரும். எனக்குக் கூட்டாஞ்சோற்றுக்கு உறைந்ததைவிட இதுதான் பிடிக்கும். பருப்பு, அரிசி, முருங்கைக்கீரை, கத்தரிக்காயோடு ஊறிய வத்தலையும் சேர்த்து விட்டால் மற்றக் காய் குறைந்தது தெரியாது. அடை மாவில் கரகரப்பாக அரைத்தும் போடலாம். சுண்டைக்காய் வத்தல் மாதிரி ஊற வைக்காமல் எண்ணெயில் போட்டால் தெறிக்கும், பல்லும் தாங்காது.

சொதிக்கு உறைந்த மணி. இரண்டாம் தேங்காய்ப்பாலில் மற்றக் காய்கள் வெந்து, பாசிப்பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதும் சேர்ந்து கொதித்தபின் மணியைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். எலுமிச்சம்பழம் இறக்கி ஆறின பிறகு. ஸ்வீட் கார்ன் தன் இனிப்பைப் பாலில் விட்டுவிடும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு பச்சைமிளகாய் கூடவே வேண்டும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் கொஞ்சம் காரமாக இருக்கட்டும்.